கல்லறைத் தோட்டம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் இராமேசுவரம் தீவுக்கு எதிர்க்கரையில், மண்டபம் என்கிற ஊரில் வசிக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் மணல் இருக்கிறது. திருவழிபாட்டு ஆண்டை ஒட்டி அதில் ஒரு தோட்டம் போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தவக்காலத்துக்கு ஊதா, ஈஸ்டர் என்கிற உயிர்ப்புப் பெருவிழாவுக்கு வெள்ளை, பொதுக்காலத்துக்குப் பச்சை என்று திட்டமிட்டேன். வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றைப் பார்த்து, தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று லில்லிக் கிழங்குகளை நட்டேன். தினமும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியும், ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறுக்குள் எல்லாம் கருகிவிட்டன. என் விசுவாசத்தில்தான் குறையோ என்றுகூடத் தோன்றிவிட்டது. நம் பக்கத்து மண்ணுக்கு எந்தக் காலத்தில் எந்தச் செடி என்று சொல்வீர்களா? ஓரியூர் மண்ணைத் தொட்டியில் தூவுவது மூடநம்பிக்கையா? மாதா சுரூபத்தை எந்தத் திசை பார்த்து வைக்க வேண்டும்?

ஒரு வாசகி

*

அன்புள்ள மகளுக்கு,

கடைசி இரண்டு கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். நிழல் எங்கே இருக்கிறதோ அங்கே மாதாவை வையுங்கள். பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து செபமாலை சொல்ல இடம் இருந்தால் போதும். திசை பார்க்க வேண்டாம். ஓரியூர் மண் எங்கள் வீட்டிலும் ஒரு சிமிழில் இருந்தது. 1693 பிப்ரவரி 4 அன்று மறைசாட்சி புனித அருளானந்தர் வெட்டுண்ட இடத்தின் செம்மண் அது. நெற்றியில் பூசுகிறவர்கள் தொட்டியிலும் ஒரு சிட்டிகை தூவலாம். உரக் கணக்கில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.

ஆனால் உங்கள் மீது எனக்குக் கோபம் இருக்கிறது. பங்குனி வெயிலில் லில்லி கருகியதற்கும் உங்கள் விசுவாசத்துக்கும் என்ன சம்பந்தம்? ஈஸ்டர் லில்லி குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குள் கிடந்து, குளிர் விலகும்போது எழுகிற கிழங்கு. மண்டபத்து மணலில் அது எந்தக் குளிரை நம்பி எழும்? தெருவில் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கிற மாதத்தில், தினம் இரண்டு குடம் நல்ல தண்ணீரை அதற்கு ஊற்றியிருக்கிறீர்கள். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியது அதைத்தான். செடி வாடியதற்காக மனம் நோக வேண்டாம்.

உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற மாதம் நம் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போயிருந்தேன். அங்கே கல்லறைத் தோட்டம் முழுவதையும் சிமென்ட் பூசி மூடியிருந்தார்கள். ஒரு புல்லுக்கு இடமில்லை. களை வருவதில்லை, ஆண்டுதோறும் செதுக்குகிற வேலை மிச்சம் என்று பெருமையாகச் சொன்னார்கள். அந்த ஆத்திரம் அடங்கும் முன்னால் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

உயிர்ப்புப் பெருவிழா எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மார்ச் 21ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவு, அதற்கு அடுத்த ஞாயிறு. மார்ச் 22க்கு முன்னாலும் வராது, ஏப்ரல் 25க்குப் பின்னாலும் வராது. ஐரோப்பாவில் அது பனி உருகி மொட்டு வெடிக்கிற நேரம். உங்கள் புத்தகத்தை எழுதியவர் தன் மண்ணுக்கு உண்மையாகத்தான் எழுதியிருக்கிறார். நமக்கோ அது பங்குனி, சித்திரை. ஊருணி வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பனை மட்டும் பதநீர் தந்துகொண்டிருக்கும்.

நம் மண் உயிர்த்தெழுவது ஐப்பசியில். வடகிழக்குப் பருவமழை இறங்கிச் சில நாட்களில் நவம்பர் 2 வந்துவிடும், கல்லறைத் திருநாள். அந்த நாளைச் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் பிரான்சில் குளூனி மடத்தில் குறித்தார்கள். அங்கே அது இலை உதிர்கிற காலம், சாவை நினைக்கத் தோதான காலம். அதே தேதி கடல் தாண்டி நம் கரைக்கு வந்தபோது, இறந்தவர்களின் நாளிலேயே மண் முளைவிடுகிறது. இதை யாரும் திட்டமிடவில்லை. அதனால்தான் எனக்கு அது இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

இராமேசுவரம் தீவில், தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள் அப்பத்தா களைக்கொத்தோடு கிளம்புவார். பின்னால் நான் மண்சட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன். தாத்தாவுக்குக் கல்லறை கட்டவில்லை. ஒரு மண்மேடு, தலைமாட்டில் மரச்சிலுவை. ஈர மணலில் தம்பலப்பூச்சிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். அவற்றைப் பிடித்துத் தீப்பெட்டியில் போட்டால் திட்டு விழும். மேடு முழுவதும் சாரணை முளைத்திருக்கும், இரண்டு இலை, நான்கு இலை. அப்பத்தா நெருஞ்சியைக் கொத்துவார், அறுகைக் கொத்துவார். சிலுவையின் அடியில் ஒரு சாண் அளவுக்கு மட்டும் சாரணையைத் தொடவே மாட்டார். ஏன் என்று கேட்டேன். அதைச் சர்வேசுரன் நட்டிருக்கிறார் என்றார். மறுநாள் பங்குச் சாமியார் கல்லறைகளைச் செபித்து மந்திரித்துக்கொண்டு வரும்போது, தீர்த்தம் அந்த இலைகள் மேலும் விழுந்தது.

பிறகு எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறேன். இயேசு சொன்ன, கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிவதைப் பற்றி அந்த ஒரு சாண் நிலம் எனக்குச் சொன்ன அளவுக்கு எதுவும் சொல்லவில்லை. இயேசுவை அடக்கம் செய்ததே ஒரு தோட்டத்தில்தான் என்று யோவான் எழுதுகிறார். மகதலா மரியா உயிர்த்தவரைப் பார்த்துத் தோட்டக்காரர் என்று நினைக்கிறாள். நாம் அந்த இடத்துக்குக் கல்லறைத் தோட்டம் என்றே பெயர் வைத்து, தினமும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே, அதன் மேல் சிமென்ட் கரைத்து ஊற்றுகிறோம். களை வராதாம்! களை வராத இடத்தில் வேறு எது வரும்?

இதெல்லாம் என் சொந்தக் கற்பனை என்று யாராவது சொன்னால், திருச்சபையின் பழைய வழக்கத்தைச் சொல்லுங்கள். ஆண்டுக்கு நான்கு முறை, பருவம் மாறும்போது, புதன், வெள்ளி, சனி என்று மூன்று நாள் நோன்பு இருந்தார்கள். 1969இல் நாட்காட்டியைத் திருத்தியபோது, அந்த நாட்களை அந்தந்த நாட்டுத் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளும் பொறுப்பை, உரோமைத் திருச்சபை அந்தந்த நாட்டு ஆயர் பேரவைகளிடம் விட்டது. மங்களூர்க் கத்தோலிக்கர்கள் செப்டம்பர் 8 அன்று, மாதா பிறந்த திருநாளில், புது நெற்கதிரை மந்திரித்து வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள். அவர்கள் மண்ணின் நாள் அது. நம் மண்ணின் நாளை நாம்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

உங்களுக்கு வெள்ளைப் பூ வேண்டும், அவ்வளவுதானே? மல்லிகை இருக்கும்போது லில்லியைத் தேடிப் போனது ஏன்? மதுரைப் பக்கத்துத் தோட்டங்களுக்கே தங்கச்சிமடத்திலிருந்துதான் பதியன் போகிறது. அப்பத்தாவிடம் இருபது செடிகள் இருந்தன. நவம்பர் கடைசியில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்குகிற வாரத்தில், முழங்கால் உயரத்துக்கு விட்டுவிட்டு எல்லாவற்றையும் வெட்டித் தள்ளுவார். மிச்சமிருக்கும் இலையையும் உருவி எடுப்பார். அது கவாத்து என்று அறியாத வயதில் நான் அழுதிருக்கிறேன். வெறும் குச்சிகளாக நிற்கும். மாசியில் அரும்பு கட்டும். தவக்கால வெயில் ஏற ஏறப் பூ பெருகும். ஈஸ்டருக்கு முந்தைய பாஸ்கா இரவில் எங்கள் கோயில் பீடத்துக்குப் போன பூவெல்லாம், மார்கழியில் மொட்டைக் குச்சியாக நின்ற அந்தச் செடிகளின் பூதான்.

லில்லி வைத்த தொட்டிகளைத் தூக்கிப் போடாதீர்கள். மண்ணைக் கொட்டி வெயிலில் காயப்போட்டு, பாதிக்குப் பாதி மக்கிய ஆட்டு எரு கலந்து, ஓரமாக மூடி வையுங்கள். முதல் மழை விழும்வரை எதுவும் நட வேண்டாம், ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்ற வேண்டாம். கல்லறைத் திருநாளுக்கு நான் ஊரில் இருப்பேன். மண்டபத்திலிருந்து பஸ் ஏறினால், பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். வாருங்கள், வேர் பிடித்த பதியனாக நான்கு எடுத்து வைக்கிறேன். வரும்போது ஒரு களைக்கொத்தும் கொண்டு வாருங்கள். தாத்தாவுக்குப் பக்கத்தில் இப்போது அப்பத்தாவும் இருக்கிறார், இரண்டு மேடுகளையும் செதுக்க வேண்டும்.