ஏர் எம்2-வின் இரண்டு போர்ட் கல்லூரி வேலைக்குப் போதுமா?

வணக்கம் சார். வகுப்பில் புரொஜெக்டர், பென் டிரைவ், சார்ஜர் மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டும், மேக்புக் ஏர் எம்2-வில் இரண்டே யூஎஸ்பி-சி போர்ட்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். சார்ஜருக்கு மேக்சேஃப் என்ற காந்த சார்ஜிங் போர்ட் தனியாக இருக்கிறது, அதனால் இரண்டும் மிச்சம்தான். வகுப்புக்கு ஒரு ஹப் (ஒரே போர்ட்டில் செருகிப் பல சாதனங்களை இணைக்கும் சின்னப் பெட்டி) போதும். எச்டிஎம்ஐ '4கே 60 ஹெர்ட்ஸ்' என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். மலிவான பலவும் 30 ஹெர்ட்ஸ்தான், அதாவது படம் நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படும். அதனால் மானிட்டரில் மவுஸ் அம்பு திக்கித் திக்கி நகரும். கல்லூரி புரொஜெக்டர் அந்தப் பழைய நீல விஜிஏ ரகம் என்றால், விஜிஏவும் உள்ள ஹப்பாகப் பாருங்கள்.

வீட்டில் இரண்டு மானிட்டர் என்றீர்களே, அங்கேதான் இடிக்கிறது. எம்2 ஏர் ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான் தாங்கும். இரண்டு எச்டிஎம்ஐ உள்ள ஹப் வாங்கினாலும் இரண்டிலும் ஒரே படம்தான் வரும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்! யூஎஸ்பி வழியே கூடுதல் மானிட்டரை ஓட்டும் டிஸ்ப்ளேலிங்க் அடாப்டர் போட்டு இரண்டையும் ஓட்டலாம், ஆனால் அதற்கென்று மென்பொருள் நிறுவ வேண்டும். வேர்டு, எக்செலுக்குச் சரி, வீடியோ எடிட்டிங் என்றால் வேண்டாம்.

எம்4 ஏரில் மூடியைத் திறந்து வைத்தே இரண்டு மானிட்டர் ஓடும். அதுவும் அதே இரண்டு போர்ட்தான். பட்ஜெட் இடம் கொடுத்தால் அதையே வாங்குங்கள்.