விலையை டிஸ்கஸ் செய்வதா, விலை அபவுட் டிஸ்கஸ் செய்வதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆங்கில வினைச்சொற்களுக்குப் பின்னால் வரும் ‘ஆன்’, ‘அட்’, ‘ஃபார்’, ‘அபவுட்’ போன்ற முன்னிடைச்சொற்களைக் குறித்துச் சேலம் மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். வெளிமாநில வியாபாரிகளுக்கு ‘வீ டிஸ்கஸ்டு அபவுட் தி ரேட்’, ‘வீ ரிக்வெஸ்ட் ஃபார் பேமென்ட்’ என்று மின்னஞ்சல் எழுதுவது வழக்கம். கல்லூரியில் படிக்கும் என் மகள் இரண்டும் தவறு என்கிறாள். ‘டிஸ்கஷன் அபவுட்’ சரி என்றால் ‘டிஸ்கஸ் அபவுட்’ எப்படித் தவறாகும்?

மகள் சொல்வதே சரி. ‘டிஸ்கஸ்’ என்பது வினை. அது தன் செயப்படுபொருளை நேரடியாகவே ஏற்றுக்கொள்ளும் என்பதால் ‘வீ டிஸ்கஸ்டு தி ரேட்’ என்றாலே வாக்கியம் முடிந்துவிடுகிறது. ‘டிஸ்கஷன்’ என்பதோ பெயர்ச்சொல். பெயர்ச்சொல்லால் செயப்படுபொருளை நேராக ஏற்க முடியாது என்பதால் நடுவில் ‘அபவுட்’ என்ற இணைப்பு தேவைப்படுகிறது. நீங்கள் தினமும் பேசும் தமிழிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. “கொலுசை ஆர்டர் செய்தார்கள்” என்கிறோம்; “கொலுசுக்கு ஆர்டர் கொடுத்தார்கள்” என்றும் சொல்கிறோம். ஆர்டர் செய்தல் வினையாக நிற்கும்போது ‘ஐ’ உருபும், ஆர்டர் என்பது பெயராக நிற்கும்போது ‘கு’ உருபும் வருகின்றன அல்லவா? ஆங்கிலத்திலும் ‘தே ஆர்டர்டு ஆங்க்லெட்ஸ்’ என்பதில் ‘ஃபார்’ கிடையாது. ‘தே பிளேஸ்டு அன் ஆர்டர் ஃபார் ஆங்க்லெட்ஸ்’ என்பதில் ‘ஃபார்’ உண்டு.

இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளில் பெரும்பங்கு நீங்கிவிடும். ‘ரிக்வெஸ்ட் பேமென்ட்’, ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் பேமென்ட்’. ‘எம்ஃபசைஸ் குவாலிட்டி’, ‘எம்ஃபசிஸ் ஆன் குவாலிட்டி’. ‘டிமாண்ட் அன் ஆன்சர்’, ‘டிமாண்ட் ஃபார் சில்வர்’ என்று ஒவ்வொரு இணையிலும் வினை தனித்து நிற்கிறது, பெயர் முன்னிடைச்சொல்லைத் துணைக்கு அழைக்கிறது. எல்லா வினைகளும் இப்படி நடந்துகொள்ளும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்: ‘டாக்’ என்ற வினைக்கு ‘அபவுட்’ வேண்டும், பொருளைக் கேட்டுப் பெறும் ‘ஆஸ்க்’ என்ற வினைக்கு ‘ஃபார்’ வேண்டும். ‘விலையைப் பற்றி’ என்பதிலுள்ள ‘பற்றி’யைப் பார்த்தவுடன் ‘அபவுட்’ எழுதிவிடும் பழக்கம்தான் சிக்கலின் வேர். எந்தச் சொல் வரும் என்பதைத் தமிழ் உருபு முடிவு செய்வதில்லை, ஆங்கில வினையே முடிவு செய்கிறது. மற்றபடி, ‘டிஸ்கஸ் அபவுட்’ இந்தியாவெங்கும் புழங்குவதால் உங்கள் வியாபாரி பொருளைத் தவறாகப் புரிந்துகொள்ளப் போவதில்லை. தேர்வுத்தாளில் எழுதினால் மதிப்பெண் போகும், அவ்வளவே.

ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பில் பணிபுரிகிறேன். விருந்தினர்களுக்குச் செய்தி அனுப்பும்போது ‘ரீச் டு ஏற்காடு’, ‘அரைவ் டு ஏற்காடு’ இரண்டில் எது சரி?

இரண்டும் சரியல்ல. ‘ரீச்’ என்பதை ‘அடை’ என்ற வினையோடு பொருத்தி நினைவில் கொள்ளுங்கள்: ‘ஏற்காட்டை அடைந்தோம்’ என்பதில் ‘கு’ உருபுக்கு இடமில்லாதது போல ‘ரீச் ஏற்காடு’ என்பதிலும் நடுவில் ‘டு’ வராது. ‘அரைவ்’ என்ற வினைக்குப் பின்னால் ஊரோ நாடோ வந்தால் பெரும்பாலும் ‘இன்’, நிலையமோ கட்டடமோ வந்தால் ‘அட்’: ‘அரைவ்டு இன் சேலம்’, ‘அரைவ்டு அட் சேலம் ஜங்ஷன்’. ‘டு’ வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் ‘கெட் டு ஏற்காடு’ என்று எழுதலாம். ‘ஹோம்’ என்ற சொல்லுக்கு முன்னால் இவை எதுவும் வேண்டாம். ‘கெட் ஹோம்’, ‘ரீச் ஹோம்’ என்றால் போதும்.

‘ப்ளீஸ் கால் வென் யூ ரீச்’ என்று எழுதுவதையும் கவனியுங்கள். எந்த இடத்தை என்று சொல்லாமல் ‘ரீச்’ என்பதைத் தனியே நிறுத்துவது நம் நாட்டு வழக்கம். வெளிநாட்டு விருந்தினருக்கு அது பாதியில் நின்ற வாக்கியமாகத் தோன்றும். ‘வென் யூ அரைவ்’ என்றால் குறையில்லை.

ஐந்து ரோட்டில் பேருந்திலிருந்து இறங்குவதை ‘கெட் டவுன்’ என்று சொல்லலாமா?

நடத்துநருக்குப் புரியும், இந்திய ஆங்கிலத்தில் ஊறிய வழக்கும்கூட. ஆயினும் பொது ஆங்கிலத்தில் ஏணியிலிருந்தோ குதிரையிலிருந்தோ இறங்குவதற்கே ‘கெட் டவுன்’ பொருந்தும். எழுந்து நின்று நடமாடக்கூடிய பேருந்து, ரயில், விமானம் ஆகியவற்றில் ஏறுவது ‘கெட் ஆன்’, இறங்குவது ‘கெட் ஆஃப்’; குனிந்து நுழையும் காருக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஆஃப்’. ஆட்டோவும் காரின் கணக்கில்தான் சேரும்.

‘ஸ்விட்ச் ஆஃப் இட்’ என்று எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டு ‘ஸ்விட்ச் இட் ஆஃப்’ என்று திருத்தினார். ‘லுக் ஆஃப்டர் இட்’ என்பதை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். காரணம் என்ன? (பிளஸ் டூ மாணவர், அஸ்தம்பட்டி)

நுட்பமான கேள்வி. வினையோடு ஒட்டும் சிறுசொற்கள் இரண்டு வகைப்படும்: ஒன்று பின்வரும் பெயரைச் சார்ந்து நிற்கும் முன்னிடைச்சொல்; மற்றொன்று வினையின் பொருளையே மாற்றியமைக்கும் துணைச்சொல். ஒரே சொல் இரு வேலையையும் செய்யக்கூடும் என்பதால்தான் குழப்பம் வருகிறது. ‘ஹி ரேன் அப் தி ஹில்’ என்றால் ஒருவர் சேர்வராயன் மலையில் ஓடி ஏறினார் என்று கொள்ளலாம். ‘ஹி ரேன் அப் எ பில்’ என்றால் ஓட்டத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை, கடையில் கடன் ஏறிக்கொண்டே போனது என்று பொருள். முதல் வாக்கியத்தில் ‘அப்’ மலையைச் சார்ந்தது என்பதால் ‘ரேன் அப் இட்’ என்றே சொல்ல வேண்டும். இரண்டாவதில் ‘அப்’ வினையைச் சார்ந்தது. ஆகவே ‘ரேன் எ பில் அப்’ என்று பிரிக்கலாம், ‘இட்’ போன்ற பிரதிப்பெயர் வந்தாலோ ‘ரேன் இட் அப்’ என்று பிரித்தே ஆக வேண்டும்.

‘ஸ்விட்ச் ஆஃப்’, ‘புட் ஆஃப்’, ‘கிவ் அப்’ ஆகியவை இரண்டாம் வகை. ‘லுக் ஆஃப்டர்’, ‘லுக் ஃபார்’, ‘வெயிட் ஃபார்’ ஆகியவை முதல் வகை. ‘புட் அப் வித்’ போல மூன்று சொல் சேர்ந்து வருபவற்றை இப்படிப் பிரிப்பதில்லை. ‘ஐ கான்ட் புட் அப் வித் இட்’ என்றுதான் வரும்.

வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். ‘கோப் அப் வித்’ சரியா?

தவறு, ‘கோப் வித்’ என்பதே சரி. ‘கீப் அப் வித்’, ‘கேட்ச் அப் வித்’ ஆகியவற்றின் ஓசை நாவில் தங்கியிருப்பதால் ‘அப்’ தானாக வந்து புகுந்துவிடுகிறது. ‘ரிட்டர்ன் பேக்’ என்பதில் உள்ள ‘பேக்’, ‘கம்ப்ரைஸ் ஆஃப்’ என்பதில் உள்ள ‘ஆஃப்’ ஆகியவற்றையும் இதே கையோடு நீக்கிவிடுங்கள்.

‘லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ’ என்று முடித்த என் வேலை விண்ணப்பத்தில் பிழை உண்டா?

உண்டு. இங்கே ‘டு’ முன்னிடைச்சொல் என்பதால் ‘மீட்டிங் யூ’ என்று எழுத வேண்டும். ஐயம் வரும்போது ‘டு’வுக்குப் பின்னால் ‘தி இன்டர்வியூ’ போன்ற ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். அது பொருந்தினால் வினைக்கு ‘இங்’ சேர்க்க வேண்டும்.

முன்னிடைச்சொல்லில் வாக்கியத்தை முடிக்கக் கூடாது என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். இன்றும் அப்படியா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆத்தூர்)

அம்மா, அந்தத் தடையின் வயது மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேல். 1672-இல் ஜான் டிரைடன் என்ற ஆங்கிலக் கவிஞர், தமக்கு முந்தைய பென் ஜான்சன் இப்படி எழுதியதைக் குறையாகச் சுட்டினார்; பின்னர்த் தம் பழைய உரைநடையிலும் அத்தகைய இடங்களைத் திருத்தினார். லத்தீனில் முன்னிடைச்சொல் வாக்கியக் கடைசியில் தனித்து நிற்பதில்லை என்பது உண்மையே. ஆனால் அந்த அளவுகோல் ஆங்கிலத்துக்குப் பொருந்தவில்லை. ‘வாட் ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?’ என்பதே இயல்பு. ‘ஃபார் வாட் ஆர் யூ வெயிட்டிங்?’ என்று பேருந்து நிறுத்தத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். மிக முறையான கடிதத்தில் விரும்பினால் பழைய விதியைப் பின்பற்றுங்கள். மாணவர்களின் தாளில் அதற்காகச் சிவப்பு மை வேண்டாம் என்பது என் கருத்து.

படிவத்தை நிரப்புவது ‘ஃபில் அப்’பா, ‘ஃபில் இன்’னா?

பிரிட்டனில் ‘ஃபில் இன்’, அமெரிக்காவில் பெரும்பாலும் ‘ஃபில் அவுட்’. ‘ஃபில் அப்’ என்பதைப் பெட்ரோல் டேங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.