உருளைக்கிழங்கு பிரெட்: வாசகர் கேள்வி பதில்

வீட்டில் ஓடிஜி (சிறிய மின்சார ஓவன்) இருக்கிறது. ஒரு பிரெட்டுக்கான அளவையும் செய்முறையையும் சரியாகச் சொல்லுங்கள்.
– சேலம் வாசகி

9 அங்குல நீளம், 5 அங்குல அகலம் உள்ள டின்னுக்கு: மைதா 400 கிராம், வேகவைத்து மசித்த கிழங்கு 160 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம் (ஒன்றரை தேக்கரண்டி), சர்க்கரை 20 கிராம், உப்பு 8 கிராம், வெண்ணெய் 30 கிராம். பாலோ தண்ணீரோ 150 முதல் 180 மில்லி வரை. டம்ளர் கணக்கு இதற்கு ஒத்துவராது. ஒரு சிறிய எலக்ட்ரானிக் தராசு வாங்கிவிடுங்கள். கிழங்கைத் தோல் நீக்கி மசித்த பிறகே எடை போட வேண்டும்.

மைதா, ஈஸ்ட், சர்க்கரை, உப்பைக் கலந்து, ஆறிய மசியலைச் சேர்த்து விரலால் உதிர்த்துவிடுங்கள். கிழங்கு சூடாக இருந்தால் ஈஸ்ட் செத்துப்போகும். கையில் இளஞ்சூடாகத் தெரிந்தால் போதும். முதலில் 150 மில்லி மட்டும் ஊற்றிப் பிசையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து வெண்ணெயைச் சேர்த்து, மேலும் ஏழெட்டு நிமிடம் இழுத்து இழுத்துப் பிசைய வேண்டும். ஒரு சிறு உருண்டையை விரல்களால் விரித்தால் கிழியாமல் மெல்லிய ஜவ்வுபோல் வர வேண்டும்.

மூடி வைத்து, இரு மடங்காக உப்பியதும் (நம் வெயிலுக்கு முக்கால் மணி நேரமே போதும்) காற்றை அமுக்கி, நீள்சதுரமாகத் தட்டி, இறுக்கமாகச் சுருட்டி, மடிப்பு அடியில் இருக்கும்படி டின்னில் வையுங்கள். டின் விளிம்புக்கு மேல் ஓர் அங்குலம் எழும்பியதும் பேக் செய்யலாம். கடிகாரத்தை நம்பாதீர்கள். விரலால் லேசாக அழுத்தினால் குழி மெதுவாகப் பாதி மேலெழ வேண்டும். குழி அப்படியே நின்றால் நேரம் தாண்டிவிட்டது என்று பொருள். அந்த பிரெட் ஓவனில் நடுவில் அமிழும். கிழங்கு சேர்ந்த மாவில் ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை எளிதாகக் கிடைப்பதால், சாதா பிரெட்டைவிட இது சீக்கிரம் பொங்கிவிடும்.

முன்கூட்டியே 190 டிகிரிக்குச் சூடாக்கிய ஓவனில், கீழ்த்தட்டுக்கு ஒரு படி மேலே வைத்து 35 முதல் 40 நிமிடம். 20 நிமிடத்திலேயே மேல்புறம் சிவந்தால் அலுமினியத் தாளால் மூடுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் நடுப்பகுதி 95 டிகிரி காட்ட வேண்டும். வெளியே எடுத்து ஐந்து நிமிடத்தில் டின்னிலிருந்து கவிழ்த்து, கம்பித்தட்டில் வைத்து, இரண்டு மணி நேரம் கழித்தே வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் உள்ளே களியாகத்தான் தெரியும். வேகவில்லை என்று அதைக் குறை சொல்லக் கூடாது.

அளவு மாறாமல் போட்டும் மாவு சகதியாகக் கையில் ஒட்டுகிறது. மேலும் மேலும் மைதா போட்டால் பிரெட் செங்கல்லாகிறது.
– தூத்துக்குடி வாசகர்

கிழங்கின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 160 கிராம் மசியலோடு, கண்ணுக்குத் தெரியாமல் அரை டம்ளருக்கு மேல் தண்ணீரும் உள்ளே போகிறது. வெட்டித் தண்ணீரில் போட்டு வேகவைத்தால் அது இன்னும் கூடும். எனவே மண் போகத் தேய்த்துக் கழுவிய கிழங்கைத் தோலோடு, முழுசாக, இட்லிப் பானை ஆவியில் வேகவையுங்கள். சூட்டோடு தோலுரித்து, இடியாப்பக் குழலில் பிழிந்து, தட்டில் பரப்பிவிட்டால் ஆவியோடு ஈரமும் போய்விடும். குக்கரில் குழைய வேகவிட்ட கிழங்கென்றால், மசியலை வெறும் வாணலியில் போட்டுச் சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம் கிளறுங்கள்.

மிக்ஸி மட்டும் வேண்டவே வேண்டாம். கிழங்கின் செல்கள் உடைந்து மாவுச்சத்து வெளியேறிப் பசையாகிவிடும். அதன்பின் எதுவும் செய்ய முடியாது. புதுக் கிழங்கும் இதற்குச் சரிப்படாது; வெந்தால் பூப்போல உதிரும் பழைய கிழங்குதான் நல்லது.

மாவு ஏற்கெனவே ஒட்டுகிறதா? மைதா போடாமல் மூடி, 20 நிமிடம் அப்படியே விடுங்கள். மைதா ஈரத்தை உறிஞ்சி, பாதி ஒட்டல் தானே அடங்கும். பிறகு கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு பிசையுங்கள். சப்பாத்தி மாவுபோல் கெட்டியாக வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் பலரும் மைதாவை அள்ளிப் போடக் காரணம். இந்த மாவு சற்றே பிசுபிசுப்பாகத்தான் இருக்கும்.

கிழங்கு எதற்கு? அது இல்லாமலே பிரெட் மெத்தென்று வருகிறதே!
– கோவை வாசகி

முதல் நாள் வித்தியாசம் அதிகம் தெரியாது. மூன்றாம் நாள் பாருங்கள். வெந்த கிழங்கின் மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து ஏற்கெனவே வீங்கியிருக்கும். அந்த ஈரத்தை அது எளிதில் விடுவதில்லை. அதனால் பிரெட் வறள நாளாகும்.

கிழங்கைப் பாதிக்குப் பாதி போடலாமா?
– நெல்லை வாசகர்

மைதா 400 என்றால் மசியல் 200 வரை போகலாம், தண்ணீரை அதற்கேற்பக் குறைத்துக்கொண்டு. அதற்கு மேல் வேண்டாம். மாவை இழுத்துப் பிடித்து உப்ப வைக்கும் குளூட்டன் கிழங்கில் கொஞ்சமும் கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மருந்தாளர் பார்மன்டியே தானிய மாவே சேர்க்காமல் கிழங்கில் மட்டும் ரொட்டி செய்யப் பாடுபட்டார்; அந்த ரொட்டி மக்களிடம் நிலைக்கவில்லை. முதல் உலகப் போரில் ஜெர்மனி ரொட்டியில் கிழங்கைச் சேர்த்தது தானியத்தை மிச்சம் பிடிக்கத்தான், ருசிக்காக அல்ல.

ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் நாளே பிரெட்டில் ஒரு பழ வாசனை வருகிறது. பூஞ்சை இல்லை, ஆனால் பிய்த்தால் நூல்போல் இழுபடுகிறது.
– வேலூர் வாசகி

தூக்கி எறியுங்கள். டோஸ்ட் செய்தால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மண்ணில் வாழும் பாசில்லஸ் வகை பாக்டீரியா கிழங்கின் தோலோடும் மாவோடும் வரும். அதன் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. பேக் செய்தாலும் சாகாது, ஏனென்றால் ஓவன் 190 டிகிரியில் இருந்தாலும் பிரெட்டின் உட்பகுதி 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. ஈரமும் கோடை வெப்பமும் சேர்ந்ததும் அவை முளைத்துப் பெருகுகின்றன. அளவுக்கு மீறிப் பழுத்த அன்னாசி வாசனைதான் முதல் அறிகுறி. பிறகு நடுப்பகுதி பழுப்பேறிப் பிசுபிசுக்கும், நூல் இழுக்கும்.

இந்த பாக்டீரியாவுக்குப் புளிப்பு ஆகாது. வெயில் காலத்தில் மேலே சொன்ன அளவுக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்து, அதே அளவு தண்ணீரைக் குறையுங்கள். பிரெட்டில் புளிப்பு தெரியாது. புளித்த தயிர் 50 மில்லியைத் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றினாலும் நல்லது. வெந்த கிழங்கை ராத்திரி முழுக்க வெளியில் வைத்து மறுநாள் பயன்படுத்தாதீர்கள். பிரெட் நன்றாக ஆறும் முன் கவரில் போட்டுக் கட்டாதீர்கள். ஒருமுறை இப்படி ஆகிவிட்டால் டின், பலகை, கத்தி, பிரெட் டப்பா எல்லாவற்றையும் சோப்பால் கழுவி, வினிகரால் துடைத்து, வெயிலில் காய வையுங்கள். இல்லையென்றால் அடுத்த பிரெட்டுக்கும் தொற்றும்.

ஓவன் இல்லை. குக்கரில் செய்யலாமா?
– திருவாரூர் வாசகி

செய்யலாம், பாதி அளவில். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். உள்ளே தண்ணீர் கிடையாது. அடியில் கல் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஸ்டாண்ட். மிதமான தீயில் பத்து நிமிடம் சூடாக்கி, 6 அங்குல வட்ட டின்னை வைத்து, தீயைக் குறைத்து 35 நிமிடம். அலுமினிய குக்கரை வெறுமனே சூடாக்கிக்கொண்டே இருந்தால் அடி வளையக்கூடும். வேறு கனமான பழைய பாத்திரம் இருந்தால் அதுவே மேல். மேல்புறம் வெளுத்துத்தான் இருக்கும். வெண்ணெய் தடவிய தோசைக்கல்லில் ஒரு நிமிடம் கவிழ்த்து வைத்தால் சிவந்துவிடும்.

கோதுமை மாவில்?
– தேனி வாசகர்

பாதி மைதா, பாதி கோதுமை. தண்ணீர் 20, 30 மில்லி கூடுதலாகப் பிடிக்கும். முழுக்கக் கோதுமை என்றால் உயரத்தை எதிர்பார்க்காதீர்கள்.

சர்க்கரை நோயாளிக்கு இது நல்லதா?
– மதுரை வாசகர்

வெள்ளை பிரெட்டைவிட நல்லது என்று நினைத்துச் சாப்பிட வேண்டாம். இதுவும் மாவுச்சத்துதான்.

அயர்லாந்தில் ஈஸ்ட் இல்லாமலே உருளைக்கிழங்கு ரொட்டி செய்வார்களாமே?
– புதுச்சேரி வாசகி

வட அயர்லாந்தின் காலை உணவில் முட்டையோடு வருவது அதுதான். சூடான மசியல் 250 கிராம், மைதா 60 கிராம், வெண்ணெய் 20 கிராம், அரை தேக்கரண்டி உப்பு. சேர்த்துப் பிடித்து, அரை அங்குலத்துக்கும் குறைவான கனத்தில் வட்டமாகத் தட்டி, நான்காக வெட்டி, எண்ணெய் இல்லாத தோசைக்கல்லில் பக்கத்துக்கு நாலைந்து நிமிடம். கிழங்கு சூடாக இருக்கும்போதே செய்ய வேண்டும். ஆறிவிட்டால் விரிசல் விடும், கூடுதல் மைதா கேட்கும், ரொட்டி ரப்பராகும். மிஞ்சியதை மறுநாள் வெண்ணெயில் பொரிப்பார்கள்.

பிரெட்டை ஃபிரிட்ஜில் வைத்தால் விறைத்துப்போகிறது.
– ஓசூர் வாசகி

ஃபிரிட்ஜின் குளிரில்தான் மாவுச்சத்து மிக வேகமாக இறுகும். இரண்டு நாளைக்கு வெளியில், மூடிய டப்பாவில். மீதியைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டியபோது நேராகத் தோசைக்கல்லுக்குப் போகட்டும்.