பெட்டி விலையும் கேம் அலமாரியும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கன்சோலை நஷ்டத்துக்கு விற்கிறார்கள் என்கிறார்களே, தெரிந்தே கையைச் சுட்டுக்கொள்ளும் கம்பெனியும் உண்டா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: உண்டு. 2006 நவம்பரில் சோனியின் கன்சோலான, அதாவது கேம் ஆடும் பெட்டியான, 60 ஜிபி பிளேஸ்டேஷன் 3 அமெரிக்காவில் 599 டாலருக்கு வந்தது. அதைப் பிரித்துப் போட்டு உள்ளே இருந்த பாகங்களுக்கு விலை போட்டுப் பார்த்த ஐசப்ளை நிறுவனம், ஒரு பெட்டியைச் செய்யவே சுமார் 840 டாலர் ஆகிறது என்று கணக்குச் சொன்னது. செல் என்ற பிராசஸரும் புளூரே டிஸ்க்கை ஓட்டும் டிரைவும் அப்போது அவ்வளவு விலை. பெட்டிக்கு 240 டாலர் துண்டு விழுகிறது.

அதை அடைப்பது நீங்கள் வாங்கும் கேம்கள். மற்ற கம்பெனிகள் செய்த கேம் விற்றாலும் கன்சோல்காரருக்கு ஒரு பங்கு போகும். இன்றைய டிஜிட்டல் கடைகளில் அது வழக்கமாக 30 சதவீதம். 60 டாலர் கேமுக்கு 18 டாலர். அந்த விகிதத்திலேயே பார்த்தாலும், 240 டாலரை எடுக்க நீங்கள் 14 கேம் வாங்கியாக வேண்டும். டிஸ்க் காலத்தில் பங்கு இதைவிடக் குறைவு, ஆகவே கேம் எண்ணிக்கை இன்னும் கூடும். வாங்கிய பெட்டியில் சினிமா மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் கம்பெனிக்கு வெறும் செலவு.

இந்த வழியை விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. 1993-இல் வந்த 3டிஓ கன்சோலை 3டிஓ கம்பெனி தானே தயாரிக்கவில்லை, பானசோனிக் போன்றவர்களுக்கு உரிமம் கொடுத்தது. கேம் வெளியிடுபவர் டிஸ்க்குக்கு 3 டாலர் கட்டினால் போதும், அதுவும் 3டிஓவுக்குத்தான் போகும். அப்படியானால் பானசோனிக் லாபத்தை எங்கே பார்ப்பது? பெட்டியின் விலையில்தான். 699 டாலர் என்று அட்டை தொங்கியது. கேம் செய்பவர்களுக்கு 3 டாலர் கட்டணம் இனித்தது, ஆனால் அந்தக் கேமை வாங்க வீடுகளில் பெட்டி இல்லை.

கேள்வி: சோனிக்காரர் மேடையேறி ஒரே ஒரு எண்ணைச் சொல்லி சேகாவை வீழ்த்தினார் என்பது கட்டுக்கதையா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: எண்ணைச் சொன்னது நிஜம். அந்த எண்தான் வீழ்த்தியது என்பது பாதி நிஜம்.

1995 மே 11, லாஸ் ஏஞ்சலஸில் முதல் ஈ3 வீடியோ கேம் கண்காட்சி. சோனியின் போட்டிக் கம்பெனியான சேகாவின் புதுக் கன்சோல் சாட்டர்ன் செப்டம்பர் 2-ஆம் தேதி வரும் என்று ஏற்கெனவே அறிவித்திருந்தார்கள். சேகா அமெரிக்காவின் தலைவர் டாம் கலின்ஸ்கி மேடையேறி, “இப்போதே கடையில் கிடைக்கிறது, விலை 399 டாலர்” என்ற பொருளில் அறிவித்தார். அன்றே சோனியின் முறை வந்தபோது ஸ்டீவ் ரேஸ் மைக் முன் நின்று “299” என்றார், இறங்கிவிட்டார். சோனியின் முதல் கன்சோலான பிளேஸ்டேஷன் செப்டம்பர் 9-ஆம் தேதி அந்த விலைக்கே வந்தது.

நூறு டாலர் வித்தியாசம் பெரிதுதான். ஆனால் சேகாவை அதிகம் படுத்தியது அந்த அவசரம். சில கடைச் சங்கிலிகளுக்கு மட்டுமே சரக்கு போனது. விடுபட்டவர்களில் கேபி டாய்ஸ் கோபித்துக்கொண்டு சேகா பொருள்களையே அலமாரியிலிருந்து எடுத்துவிட்டது. வெளிக் கம்பெனிகள் தங்கள் கேம்களைச் செப்டம்பரைக் குறிவைத்து முடித்துக்கொண்டிருந்தன. எனவே மே மாதம் 399 டாலர் கொடுத்தவர் கோடை முழுக்க விரல்விட்டு எண்ணும் கேம்களோடு உட்கார்ந்திருந்தார். சாட்டர்னுக்கு உள்ளேயோ எஸ்ஹெச்-2 என்ற பிராசஸர்கள் இரண்டு. இரண்டையும் ஒருசேர வேலை வாங்கத் தெரிந்த புரோகிராமர்கள் குறைவு. ஒரே கேம் இரண்டு பெட்டிக்கும் வந்தால் பிளேஸ்டேஷன் பதிப்பு பல நேரம் மேலாக இருந்தது.

விலையே எல்லாம் என்பவர்கள் அடுத்த ஆண்டைப் பார்க்க வேண்டும். 1996 செப்டம்பரில் நின்டெண்டோ 64 அமெரிக்காவில் 199 டாலருக்கு வந்தது. விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல், சிடிக்குப் பதில் கேமைச் சிப்பில் அடைத்துத் தரும் கேட்ரிட்ஜில் இருந்தது. ஒரு சிடியில் ஏறக்குறைய 650 எம்பி பிடிக்கும். நின்டெண்டோ 64-க்கு வந்த மிகப் பெரிய கேட்ரிட்ஜே 64 எம்பிதான். ஃபைனல் ஃபேன்டசி 7 மூன்று சிடி நிறைய வந்த கேம். அதுவரை நின்டெண்டோவோடு இருந்த ஸ்குவேர் கம்பெனி சோனி பக்கம் போனதில் வியப்பில்லை.

இடத்தைவிடப் பெரியது பணப் புழக்கம். சிடி அச்சடிக்கச் செலவு சொற்பம். கேம் நன்றாகப் போனால் கூடுதல் பிரதிகள் சீக்கிரம் வரும், முதலில் குறைவாக அடித்துப் பார்க்கலாம். கேட்ரிட்ஜ் அப்படியல்ல. ஒவ்வொன்றுக்கும் சிப் விலை உண்டு, நின்டெண்டோவிடம் முன்கூட்டி ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அதிகம் சொல்லிவிட்டால் பணம் கிடங்கில் முடங்கும், குறைத்துச் சொன்னால் பண்டிகைச் சமயத்தில் சரக்கு இருக்காது. சின்னக் கம்பெனி எந்தப் பக்கம் சாயும்? பிளேஸ்டேஷன் 10 கோடியைத் தாண்டி விற்றது, நின்டெண்டோ 64 சுமார் 3.3 கோடியில் நின்றது.

கேள்வி: விற்காத கன்சோலை விலை குறைத்துக் காப்பாற்ற முடியுமா? – வாசகர், சேலம்

பதில்: பின்னாலேயே கேம் வந்தால் முடியும். நின்டெண்டோவின் கையடக்கக் கன்சோலான 3டிஎஸ் 2011 மார்ச்சில் அமெரிக்காவில் 249.99 டாலருக்கு வந்து தடுமாறியது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 12-இல் 169.99 டாலர். பழைய விலைக்கு வாங்கியவர்கள் கொதிப்பார்கள் என்று தெரிந்து அவர்களுக்கு 20 பழைய கேம்களை இலவசமாகத் தந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் ஒரு மாரியோ கேமும் மாரியோ கார்ட் 7-ம் வந்து சேர்ந்தன, பெட்டி எழுந்து நின்றது.

அதே நின்டெண்டோவின் வீட்டுக் கன்சோலான வீ யூ-வுக்கு 2013-இல் 50 டாலர் குறைத்தும் கதை நடக்கவில்லை. வெளிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கியிருந்தன. மொத்த விற்பனை 1.36 கோடி. அதில் வந்த மாரியோ கார்ட் 8 சுமார் 85 லட்சம் பிரதி போனது. கொஞ்சம் மெருகேற்றி 2017-இல் அடுத்த கன்சோலான ஸ்விட்சில் விட்டார்கள். 6 கோடியைத் தாண்டியது. கேம் சோடை போகவில்லை, சுற்றி நிற்க வேறு கேம்கள் இல்லாத அலமாரியில் தனியாக நின்றது.

கேள்வி: பிஎஸ்5-இல் டிஸ்க் மாடலா, டிஜிட்டலா? பத்தாயிரம் மிச்சம் என்கிறார் கடைக்காரர். – வாசகர், கோவை

பதில்: இந்தியாவில் 2021 பிப்ரவரியில் பிஎஸ்5, அதாவது பிளேஸ்டேஷன் 5, வந்தபோது டிஸ்க் மாடல் 49,990 ரூபாய், டிஸ்க் டிரைவ் இல்லாமல் இணையத்தில் மட்டும் கேம் வாங்கும் டிஜிட்டல் 39,990. கடைக்காரர் சொல்வது அந்த இடைவெளியைத்தான். வாங்கும் நாளில் விலை மாறியிருக்கலாம், கணக்குப் போடும் விதம் மாறாது.

சோனியின் சொந்தக் கேம்கள் பல புதிதில் 4,999 ரூபாய். டிஸ்க்காக வாங்கி முடித்துவிட்டுப் பாதி விலைக்குக் கைமாற்றினால் 2,500 திரும்பும். நான்கு கேமில் பத்தாயிரம் சமம், ஐந்தாவதிலிருந்து டிஸ்க் மாடல் லாபம். டிஜிட்டலில் வாங்கியதை விற்கவும் முடியாது, நண்பரிடம் இரவலாகக் கொடுக்கவும் முடியாது. வீட்டில் பிஎஸ்4 டிஸ்க்குகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்: பெரும்பாலானவை பிஎஸ்5 டிஸ்க் மாடலில் ஓடும், டிரைவ் இல்லாத டிஜிட்டலில் அவை வெறும் தட்டு. பிஎஸ்4 டிஸ்க் வைத்திருப்பவருக்கு பிஎஸ்5 பதிப்பு கிடைக்கும் கேம்களிலும், ஒவ்வொரு முறை ஆடும்போதும் அந்த டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும். பதிப்பை ஏற்றிக்கொண்டு டிஸ்க்கை விற்றுவிட்டுத் தலையில் கைவைத்தவர்கள் நிறைய.

2023 இறுதியில் வந்த ஸ்லிம் என்ற மெல்லிய பிஎஸ்5-இன் டிஜிட்டல் மாடலில் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம். முதல்முறை மாட்டும்போது இணைய இணைப்பு கட்டாயம். ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேம்கள் மட்டும் ஆடுகிற வீட்டுக்கு டிஜிட்டலே போதும். பிளேஸ்டேஷனில் அவற்றை ஆன்லைனில் ஆட, சோனியின் கட்டணச் சந்தாவான பிளஸ்கூட வேண்டாம்.

இன்னொரு மறைமுகச் செலவு இடம். முதல் மாடலில் 825 ஜிபி என்றாலும் கைக்கு வருவது சுமார் 667. பெரிய கேம் ஆறேழு ஏற்றினால் நிறைந்துவிடும். யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் பிஎஸ்5 கேமை வைத்திருக்கலாம், அங்கிருந்து ஆட முடியாது. உள்ளே மாட்ட எம்.2 எஸ்எஸ்டி என்ற சிறிய சேமிப்புப் பலகை வாங்குகிறீர்கள் என்றால் நான்காம் தலைமுறை என்விஎம்ஈ வகை, நொடிக்கு 5,500 எம்பி படிக்கும் வேகம் என்று பார்த்து வாங்குங்கள். சூட்டை இறக்கும் உலோகத் தகடான ஹீட்சிங்க் கட்டாயம், அதோடு சேர்த்து மொத்தத் தடிமன் 11.25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கணினிக்கென்று வரும் உயரமான ஹீட்சிங்க்கை வாங்கிவந்தால் உள்மூடி உட்காராது.

கேள்வி: எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் இருக்கும்போது கேமை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்? – வாசகர், புதுச்சேரி

பதில்: மாதச் சந்தா கட்டினால் ஒரு பட்டியல் கேம்களை ஆடவிடும் மைக்ரோசாஃப்டின் திட்டம் அது. இரண்டு மாதம் உட்கார்ந்து நிறைய ஆடித் தீர்ப்பவருக்கு நல்ல வியாபாரம். வருடம் முழுக்க ஒரே கேம் ஆடுபவருக்கு நஷ்டம். அமெரிக்காவில் 2017-இல் மாதம் 9.99 டாலரில் தொடங்கியது. மேல்தட்டான அல்டிமேட் 2025 அக்டோபரில் 29.99 ஆனது. பட்டியலிலிருந்து கேம்கள் விலகிக்கொண்டேயும் இருக்கும், அதனால் பாதி ஆடிய கேம் விலகும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சோனியின் பிளஸ் சந்தாவிலும், மாதாமாதம் தரும் கேம்களை நூலகத்தில் சேர்த்து வைத்தால் சந்தா இருக்கும்வரை ஆடலாம். பிளஸின் மேல்படியான எக்ஸ்ட்ராவின் பட்டியலில் இருப்பது அப்படியல்ல, அவர்கள் எடுத்துவிட்டால் போயிற்று.

“எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும்” என்ற பேச்சும் கரைந்துகொண்டிருக்கிறது. சீ ஆஃப் தீவ்ஸ் 2024-இல் பிஎஸ்5-க்கு வந்தது, ஃபோர்ஸா ஹொரைசன் 5 அடுத்த ஆண்டு. கேம் எல்லாப் பெட்டியிலும் கிடைக்கிறது என்றால் தன் பெட்டியை வாங்க மைக்ரோசாஃப்ட் வேறு காரணம் காட்டியாக வேண்டும். இதுவரை காட்டியது எனக்குப் போதவில்லை.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து அத்தை பிஎஸ்5 கேம் டிஸ்க் கொண்டுவருகிறார். இங்கே ஓடுமா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: கேம் ஓடும். ஆனால் கூடுதல் அத்தியாயம், கூடுதல் ஆட்டக்காரர் என்று பின்னால் விற்கும் டிஎல்சியை இந்தியக் கணக்கில் வாங்கினால் பல கேம்களில் அந்த டிஸ்க்கோடு சேராது. டிஸ்க் எந்த வட்டாரத்துடையதோ அந்த வட்டாரக் கடையில்தான் வாங்க வேண்டும். டிஎல்சி எல்லாம் டிஸ்க்கிலேயே சேர்ந்து வரும் முழுப் பதிப்பு கிடைத்தால் அத்தையிடம் அதையே கேளுங்கள்.