கணக்கெழுத ஒரு வேளை

காரைக்குடியில் வீட்டிலேயே தேன்குழலும் மணகோலமும் செய்து விற்கும் ஆச்சி ஒருவர், வரவு செலவை அன்றன்றே எழுதிவிட வேண்டும் என்று பலமுறை உறுதியெடுத்தும் நாலாம் நாளே நின்றுபோவதாகவும், தமக்குச் சுயகட்டுப்பாடே இல்லையோ என்று ஐயப்படுவதாகவும் எழுதியிருக்கிறார்.

அந்த ஐயம் வேண்டாம். விடியுமுன் அடுப்பு மூட்டிச் சொன்ன நாளில் சரக்கைக் கொடுப்பவருக்குக் கட்டுப்பாடு இல்லையென்று எப்படிச் சொல்வது? பலகாரத்துக்கு வேளை உண்டு, கேட்க ஆளும் உண்டு. கணக்குக்கு இரண்டும் இல்லை. 'ராத்திரி எழுதிக்கொள்ளலாம்' என்பது வேளையாகாது. அயர்ந்து உட்கார்ந்தபின் எழுதுவோமா என்று மனத்தைக் கேட்டால், அது நாளைக்கு என்றுதான் சொல்லும்.

உங்கள் ஊர்ப்பக்கத்து நகரத்தார் நடத்திய லேவாதேவிக் கடைகள், அதாவது வட்டிக்குக் கடன் கொடுத்த கடைகள், இதை நன்கறிந்திருந்தன. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பெட்டியடிப் பையனாக, அதாவது தொழில் பழகும் கடைப் பையனாக, போன சிறுவன் தன் மனவுறுதியை மட்டும் நம்பிக் கணக்குப் பழகவில்லை. கடைக்கென்று ஒரு முறை இருந்தது, பார்த்துத் திருத்த மேலாள் இருந்தார். பிள்ளையார் நோன்பன்று இழை எடுத்துக்கொள்வதா (நூல்திரியிட்ட மாவை ஏற்றி வாயிலிட்டுக்கொள்வதா) வேண்டாமா என்று எந்த நகரத்தார் வீட்டிலும் யோசிப்பதில்லை. வழக்கம் அதை முன்பே முடிவு செய்துவிட்டது. 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்பவர்கள் எண்ணியதைச் செய்து முடிப்பது கூடுகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் ஆய்ந்து காட்டியதும் ஏறக்குறைய இதைத்தான்.

ஆகவே, கடைசி டப்பாவை மூடியதும், கை கழுவி, நின்ற இடத்திலேயே மூன்று வரி எழுதுங்கள்: மாவுக்கும் எண்ணெய்க்கும் போனது, விற்று வந்தது, வர வேண்டிய பாக்கி. நோட்டும் பேனாவும் பணப்பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். அலமாரியில் தேட நேர்ந்தால் அன்று எழுத மாட்டீர்கள். அதிகாலை நடைப்பயிற்சி, கைப்பேசியைக் குறைப்பது போன்ற மற்ற உறுதிகளை (யாருக்குத்தான் இல்லை!) இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

21 நாளில் எதுவும் பழகிவிடும் என்பார்கள். அதை நம்பி ஏமாற வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் செய்து 2010இல் வெளியான ஆய்வில், பழக்கம் படியச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. ஆளையும் செயலையும் பொறுத்து அது 18 முதல் 254 வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பின்னடைவு ஏற்படவில்லை என்பதும் அதில் தெரிந்தது. தீபாவளிச் சரக்கு நெருக்கும் நாள்களில் மொத்த விற்பனையை மட்டும் ஒரு வரியில் எழுதினால் போதும். வாரம் ஒருமுறை வீட்டில் ஒருவரிடம் நோட்டைக் காட்டுங்கள். ஆனால் குறை சொல்லிப் பழகியவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.