தனியாக உளவியல் சிகிச்சை மையம் நடத்துபவர், வேலைப்பளு தலைக்கு மேல் போகும்போது என்ன செய்வது?

மூன்று ஆண்டுகளாகத் தனியாக உளவியல் சிகிச்சை அளித்துவருவதாகவும், வாரத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட அமர்வுகள் இருப்பதாகவும், அமர்வில் இருக்கும்போது நன்றாக இருந்தாலும் அதற்கு வெளியே எதைத் தொட்டாலும் மூச்சு முட்டுவதாகவும், மையத்தை மூடிவிடலாமா என்று யோசிப்பதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நான் பதினோரு ஆண்டுகளாக இதே வேலையைத் தனியாகச் செய்துவருகிறேன். ஐந்தாம் ஆண்டில் நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில்தான் நானும் நின்றேன். என்னுடைய அனுபவத்திலிருந்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

அந்த ஆண்டில் ஓர் இரவு, பகலில் முடித்த 6 அமர்வுகளுக்கான குறிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டிருந்தபோது, ஒருவர் தம் சகோதரியைப் பற்றிச் சொன்னதை இன்னொருவருடைய கோப்பில் எழுதியிருப்பதைக் கண்டேன். உடனே திருத்திவிட்டதால் யாருக்கும் பாதிப்பு ஏற்படவில்லை. ஆயினும், ஒருவர் நம்பி ஒப்படைத்த வாழ்க்கையை இன்னொருவருடைய வாழ்க்கையோடு கலந்துவிட்டேன் என்ற எண்ணம் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. அதுவரை என் சோர்வுக்குக் காரணம் நாள்தோறும் கேட்கும் துயரங்களின் கனம்தான் என்று நம்பியிருந்தேன். அது உண்மைதானா என்று பார்ப்பதற்காக, அடுத்த ஒரு வாரம் முழுவதும் அரை மணிக்கு ஒருமுறை நான் செய்துகொண்டிருந்ததை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவந்தேன். அந்த வாரத்தில் 50 நிமிட அமர்வுகள் 22 நடந்தன. அதாவது 18 மணி 20 நிமிடம். ஆனால் நான் உழைத்த மொத்த நேரம் 38 மணி. மீதி ஏறக்குறைய 20 மணி நேரமும் குறிப்பெழுதுவதிலும், நேரம் மாற்றிக் கேட்பவர்களுக்குப் பதில் அனுப்புவதிலும், புதிதாக விசாரிப்பவர்களோடு தொலைபேசியில் பேசுவதிலும், கட்டணக் கணக்கிலும், யாரோ கேட்ட சான்றுக் கடிதத்திலும், இரவு பதினொரு மணிக்கு வந்த நீண்ட வாட்ஸ்அப் செய்தியை இரண்டு முறை படித்துவிட்டு என்ன எழுதுவது என்று யோசித்ததிலும் கரைந்திருந்தது. 50 நிமிட அமர்வு ஒன்று உண்மையில் என்னிடமிருந்து 100 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அமர்வில் நன்றாக இருக்கிறேன், வெளியேதான் மூச்சு முட்டுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதை ஆகையால் நான் அப்படியே நம்புகிறேன். உங்களுக்கு எதிர்ப்பட்டிருப்பது பெரும்பாலும் மனவலிமைக் குறைவு அன்று. எண்ணப்படாத வேலையும், ஒவ்வொரு நாளும் புதிதாக எடுக்க வேண்டியிருக்கும் முடிவுகளும்தான்.

பணிச்சோர்வு என்ற கருத்தை 1974-இல் துறைக்குள் கொண்டுவந்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கரே பகலில் தம் சொந்த மையத்தில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு ஓர் இலவச மருத்துவ மையத்தில் இரவு வெகுநேரம் வரை உழைத்தவர். அங்கே தம்மோடு பணியாற்றிய தொண்டர்களிடம் கண்டதைத் தம்மிடமும் கண்டுதான் அவர் எழுதினார். அர்ப்பணிப்போடு உழைப்பவர்களே இதற்கு எளிதில் ஆளாகிறார்கள் என்பது தொடக்கத்திலேயே அவர் கவனித்த செய்தி. உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் ஏற்கப்பட்ட தன் நோய் வகைப்பாட்டில் இதை ஒரு நோயாகக் கொள்ளாமல், சரிவரக் கையாளப்படாத நீண்டகாலப் பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே விளக்குகிறது. தனியாகத் தொழில் செய்பவருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: பணியிடமும் நாமே, பணியாளரும் நாமே. விடுப்பு எடுக்கச் சொல்லும் மேலாளர் இல்லை. இதற்கு மேல் அனுப்பாதே என்று வரவேற்பறையில் சொல்லிவைக்க ஒருவரும் இல்லை. எனவே பணியிடத்தைச் சீர்செய்யும் வேலையும் நம்மையே சேர்கிறது.

நான் முதலில் சீர்செய்தது முடிவுகளை. கடைசி நேரத்தில் அமர்வை ரத்து செய்தால் கட்டணம் வாங்குவதா, அமர்வுகளுக்கு இடையில் வரும் செய்திகளுக்குப் பதில் எழுதுவதா, ஞாயிற்றுக்கிழமை ஒருவர் கேட்டால் நேரம் ஒதுக்குவதா, கட்டணத்தைக் குறைப்பதா என்பவற்றை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அன்றன்றைய மனநிலையைக் கொண்டு முடிவு செய்துவந்தேன். கருணையோடு நடந்துகொள்கிறேன் என்றே எண்ணியிருந்தேன். ஆனால் அழுத்திக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு நியாயமும், கேட்கத் தயங்குபவர்களுக்கு வேறொரு நியாயமுமாக அது முடிந்தது. தயங்குபவர்கள்தான் பெரும்பாலும் கூடுதல் உதவி தேவைப்பட்டவர்கள். ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதினேன்: 24 மணி நேரத்துக்கு முன் சொல்லாமல் ரத்தான அமர்வுக்கு முழுக் கட்டணம், ஆண்டுக்கு ஒருமுறை அதில் விலக்கு, செய்திகள் நேரம் குறிக்கவும் மாற்றவும் மட்டுமே, பதில் வேலை நாட்களில் ஒருமுறை, குறைந்த கட்டணத்தில் 3 இடங்கள், அவை நிரம்பியிருந்தால் குறைந்த கட்டணத்தில் சேவை தரும் வேறு இடங்களின் விவரம். புதிதாக வருபவர்களுக்கு முதல் அமர்வில் இதைப் படித்துக் காட்டிக் கையொப்பம் பெற்றேன். ஏற்கெனவே வந்துகொண்டிருந்தவர்களுக்கு ஒரு மாதம் முன்னதாகவே நேரில் சொல்லி, அதைப் பற்றிப் பேச அந்த அமர்வில் இடமும் கொடுத்தேன். சிலருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைப் பேசியது சிகிச்சைக்கே உதவியது. வேறு சிலருக்கு அது நிம்மதியைத் தந்தது, ஏனென்றால் எந்த நேரத்தில் எழுதினால் எனக்குத் தொந்தரவாக இருக்குமோ என்ற பயம் அவர்களுக்கு அதுவரை இருந்துவந்திருக்கிறது.

உயிருக்கு ஆபத்தான நெருக்கடிகளை மேற்சொன்ன செய்தி விதியோடு சேர்த்துவிடாதீர்கள். தனியாக இருக்கும் ஒருவர் 24 மணி நேரமும் அவசர உதவியாக இருக்க முடியாது. முடியும் என்பதுபோல் நடந்துகொள்வது வருபவருக்கே ஆபத்து. ஆகவே நெருக்கடி நேரத்தில் யாரை அழைப்பது, எந்த மருத்துவமனைக்குச் செல்வது, வீட்டில் யாருக்குத் தெரிவிப்பது என்ற திட்டத்தை வருபவரோடு சேர்ந்து முதல் சில அமர்வுகளுக்குள் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். நிலைமை மாறும்போதெல்லாம் அதைத் திரும்பப் பார்க்கிறோம். அந்தத் தாள் அவர்கள் கையில் இருக்கிறது என்பதே என் இரவுகளை எனக்குத் திருப்பித் தந்தது.

அடுத்தது குறிப்புகள். இப்போது இரண்டு அமர்வுகளுக்கு இடையே 20 நிமிடம் விடுகிறேன்; அதில் முதல் 10 நிமிடத்துக்குள் குறிப்பை எழுதி, கோப்பை மூடிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகள் முடித்த வேலைகளைவிட நன்றாக நினைவில் நிற்கின்றன என்று உளவியலாளர் ப்ளூமா ஸைகார்னிக் 1927-இல் தம் சோதனைகளின் வழியே எழுதினார். பின்னால் செய்த சோதனைகளில் எல்லாம் அதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் எழுதாத குறிப்பு ஒன்று இரவு உணவின்போதும் மனத்தில் கிடந்து அரிப்பதை நான் நூறு முறை உணர்ந்திருக்கிறேன். ஒரு நாளில் 5 அமர்வுகளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. வன்முறையையோ இழப்பையோ பற்றிய கனமான அமர்வுகள் இரண்டை அடுத்தடுத்து வைப்பதுமில்லை. இவை என் உடலுக்கு ஏற்ற அளவுகள். உங்கள் அளவு வேறாக இருக்கலாம்.

பணத்தைப் பற்றிப் பேச நம் துறையில் பலரும் கூச்சப்படுகிறோம். நானும் கூச்சப்பட்டவன்தான், ஆனால் அளவுக்கு மீறி அமர்வுகளை ஏற்றுக்கொண்டதற்கு அடியில் இருந்தது அடுத்த மாதம் யாரும் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற அச்சமே. அதற்கு மருந்தாக எனக்குக் கிடைத்தது ஓர் எளிய கணக்கு. ஆண்டின் 52 வாரங்களில் விடுப்புக்கும் உடல்நலக் குறைவுக்கும் பயிற்சி வகுப்புகளுக்குமாக 6 வாரங்களை முதலிலேயே கழித்துவிடுங்கள். மீதி 46 வாரங்களில், பத்தில் ஓர் அமர்வு எப்படியும் நடக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 18 அமர்வுகள் என்றால் ஆண்டுக்கு 828. அதில் ஏறத்தாழ 745 தான் நடக்கும். வாழ்க்கைச் செலவு, வாடகை, வரி, சேமிப்பு எல்லாவற்றையும் கூட்டி அந்த 745-ஆல் வகுத்துக் கட்டணத்தை முடிவு செய்தால், நீங்கள் எடுக்கும் விடுப்புக்கு ஏற்கெனவே பணம் ஒதுக்கப்பட்டிருக்கும். இந்தக் கணக்கைப் போடாதவரை ஒரு நாள் ஓய்வும் எனக்கு நட்டமாகவே தெரிந்தது.

துயரங்களின் கனம் பொய் என்று நான் சொல்லவில்லை. உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-இல் வெளியிட்ட அளவுகோல் பணிச்சோர்வில் மூன்று கூறுகளைப் பார்க்கிறது: உணர்வு வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை மனிதராகக் காண முடியாமல் விலகிப்போவது, தன் உழைப்பால் ஒரு பயனும் இல்லை என்று தோன்றுவது. நமக்கு இரண்டாவதுதான் அபாய மணி. வருபவர் அமர்வை ரத்து செய்யும்போது எப்போதாவது ஒரு நிம்மதி தோன்றுவது இயல்பு. எல்லாரிடமும் அப்படித் தோன்றினால் வேலையின் அளவைக் குறைக்க வேண்டும். ஒரே ஒருவரிடம் மட்டும் தோன்றினால் அது வேலைப்பளுவே அன்று, அந்த உறவில் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது, அதை மேற்பார்வையாளரிடம், அதாவது நம் சிகிச்சைப் பணியைக் கேட்டு வழிகாட்டும் அனுபவமுள்ள சிகிச்சையாளரிடம், கொண்டுபோக வேண்டும். இரகசியம் காக்கும் கடமையால் நாம் வீட்டிலும் நண்பர்களிடமும் எதையும் பேச முடியாதவர்கள். சக ஊழியர் என்று பக்கத்து அறையில் ஒருவரும் இல்லாத நமக்கு மாதம் இருமுறை மேற்பார்வையும், நம்மைப்போல் தனியாகத் தொழில் செய்யும் மூன்று நான்கு பேர் கொண்ட ஒரு குழுவும் கட்டாயத் தேவை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். செலவைக் குறைப்பதற்காக நான் முதலில் நிறுத்தியது மேற்பார்வையைத்தான். என் ஐந்தாம் ஆண்டு அப்படி ஆனதற்கு அதற்கும் பங்கு உண்டு. தூக்கம் கெட்டுப்போவதும், காரணமில்லாமல் அழுகை வருவதும், மதுவையோ மாத்திரையையோ நாடுவதும், வாழவே பிடிக்காமல் போவதும் வேலை நேரத்தை மாற்றியமைப்பதால் சரியாகிவிடக்கூடியவை அல்ல. அந்த நிலையில் இருந்தால் தயவுசெய்து இந்த வாரமே ஒரு மருத்துவரையோ, உங்களுக்கென்று ஒரு சிகிச்சையாளரையோ பாருங்கள்.

ஏற்கெனவே வருபவர்களின் எண்ணிக்கையை எப்படிக் குறைப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். யாரையும் பாதியில் விட்டுவிடாதீர்கள். புதியவர்களை ஏற்பதை மட்டும் நிறுத்தினால், இயல்பாக முடியும் சிகிச்சைகளாலேயே சில மாதங்களில் எண்ணிக்கை இறங்கிவிடும். எனக்கு 22-இலிருந்து 18-க்கு வர ஐந்து மாதம் ஆயிற்று. விசாரிப்பவர்களிடம் அன்றே இடமில்லை என்று சொல்லி, நீங்கள் நம்பும் மூன்று பேருடைய விவரத்தைக் கொடுத்துவிடுங்கள். நீண்ட காத்திருப்போர் பட்டியலை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து; அதிலுள்ள ஒவ்வொரு பெயரும் ஒரு கடனாக நம் மனத்தில் ஏறிக்கொள்கிறது, அவர்களுக்கும் உதவி தள்ளிப்போகிறது.

மையத்தை மூடுவதா என்ற முடிவை இந்த மாதம் எடுக்காதீர்கள். இன்றே புதிய பதிவுகளை நிறுத்துங்கள்; ஒரு வாரம் நேரத்தை எழுதிப் பாருங்கள்; மேலே சொன்ன ஒரு பக்கத்தை எழுதி, மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள். மூன்று மாதம் கழித்தும் மூடவே தோன்றினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்போதும் ஒவ்வொருவரோடும் முறையாக விடைபெறவும், தேவைப்படுபவர்களை வேறொருவரிடம் ஒப்படைக்கவும், கோப்புகளைச் சட்டம் சொல்லும் காலம்வரை பாதுகாக்க ஏற்பாடு செய்யவும் குறைந்தது இன்னும் மூன்று மாதம் வேண்டியிருக்கும்.