தாழ்மையும் அசனக் கணக்கும்

அன்புள்ள ஐயாவுக்கு,

தோத்திரம். பாளையங்கோட்டைக்கு அருகிலுள்ள ஒரு கிராம சபையைச் சேர்ந்தவள் நான். சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை முடிந்தபின் கூடிய சபைக் கூட்டத்தில், அரிசிக்கும் கறிக்கும் ஆன செலவை வாசிக்கும்படி கேட்டேன். கமிட்டியில் மூத்தவர் ஒருவர் எழுந்து, "மற்றவங்கள மேன்மையா எண்ணணும்னு வேதத்துல இருக்கு, தாழ்மை வேணும்மா" என்றார். கூட்டம் அத்துடன் முடிவு ஜெபத்துக்குப் போய்விட்டது. நான் கேட்டது பெருமையா? மற்றவர்களை முன்வைப்பது என்றால் வாய் திறக்காமல் இருப்பதா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தோத்திரம். பெரியவர் காட்டிய வசனம் பிலிப்பியர் 2:3. பிலிப்பி ஒரு ரோமக் குடியேற்ற நகரம். பட்டத்தையும் பதவியையும் வைத்தே ஆளை மதித்த ஊர். அந்த ஊர்ச் சபைக்குத்தான், மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் மேன்மையாக எண்ணும்படி அப்போஸ்தலனாகிய பவுல் காவலில் இருந்துகொண்டு எழுதினார். அதற்கு அவர் காட்டிய முன்மாதிரி, தேவனுடைய ரூபமாயிருந்தும் அடிமையின் ரூபமெடுத்து இறங்கிவந்த கிறிஸ்து. மேலே இருந்தவர் இறங்கியதைச் சொல்லும் பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே தரையில் உட்கார்ந்திருப்பவரை அடங்கியிரு என்று சொல்ல அதில் இடமில்லை.

இதே பவுல் இதே பிலிப்பியில் என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். அவரையும் உடன் ஊழியர் சீலாவையும் விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள், மறுநாள் காலையில் ஓசைப்படாமல் அனுப்பிவிடப் பார்த்தபோது, ரோமக் குடியுரிமை உள்ள தங்களை வெளியரங்கமாய் அடித்தவர்கள் தாங்களே வந்து அழைத்துப்போகட்டும் என்று அவர் சொல்லிவிட்டார் (அப்போஸ்தலர் 16:37). தம் முதுகில் விழுந்த அடிகளுக்காக அவர் யாரையும் பழிவாங்கவில்லை; ஆனால் அவர் போனபின் அந்த ஊரிலேயே வாழவேண்டியிருந்த லீதியாள் என்ற விசுவாசியின் வீட்டில் கூடிய சபையை இனி யாரும் எளிதில் தொடமுடியாதபடி அந்த ஒரு பேச்சு செய்திருக்கும் என்றே நான் வாசிக்கிறேன். அவர் மற்றவர்களை முன்வைத்த விதம் அது.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது 2 கொரிந்தியர் 8. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையைத் தனியே கொண்டுபோகாமல், சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் பவுல் கூட்டிக்கொண்டார். ஒருவரும் தங்களைக் குறைசொல்லாதபடி கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்கிறோம் என்று காரணமும் எழுதினார். ஓர் அப்போஸ்தலனே கணக்குக்கு உட்பட்டிருக்கும்போது, அசனக் கமிட்டிக்கு அதில் என்ன குறைச்சல் வந்துவிடப்போகிறது?

நம் பக்கத்து அசனத்தில் தாழ்மையைப் பார்க்க வேண்டுமானால், நார்ப்பெட்டியில் சோறும் வாளியில் குழம்புமாகப் பந்தி பந்தியாக ஓடிவிட்டு, கடைசிப் பந்தியில் ஆறிய சோற்றுக்கு உட்காரும் பிள்ளைகளைத்தான் பார்க்க வேண்டும். ('ஒன்றுக்கும் உதவாத அடியேன்' என்று மேடையில் தொடங்கும் ஜெபங்கள்தான் பெரும்பாலும் மிக நீளமானவை.) அந்தப் பிள்ளைகள் பரிமாறியதும் நீங்கள் செலவை வாசிக்கச் சொன்னதும், சபையார் கொடுத்தது சபையாருக்கே ஒழுங்காய்ப் போய்ச்சேர வேண்டும் என்ற ஒரே அக்கறையிலிருந்து வந்தவை.

நம் சீமையிலேயே இதற்கு ஒருவர் இருந்தார். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வி. எஸ். அசரியா, 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1909இல் சொந்த ஊரையும் மொழியையும் விட்டுத் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குத் தாமே ஊழியராகப் போனார். அடுத்த ஆண்டு எடின்பரோ மிஷனரி மாநாட்டில், மேல்நாட்டு மிஷனரிகளின் தியாகத்தை மனதாரப் போற்றிவிட்டு, எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று அவர்கள் முகத்துக்கு நேரே கேட்டார். அங்கிருந்தவர்களில் பலர் முகம் சுளித்தார்கள். 1912இல் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தோர்ணக்கல்லுக்குப் போன மனமும் எடின்பரோவில் பேசிய மனமும் வேறுவேறு என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் வசனம் உங்களையும் விடாது. அந்தப் பெரியவரைத் திருடன் என்று மனதுக்குள் தீர்த்துவிட்டுக் கேட்டீர்களா, அவருக்கும் கணக்கு எழுதத் தெரியாத சங்கடம் இருக்கலாம் என்று எண்ணிக் கேட்டீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அடுத்த கூட்டத்துக்கு முன் அவர் வீட்டுக்குப் போய், கணக்கைச் சரிபார்க்க உதவட்டுமா என்று கேளுங்கள். மறுத்தால் உங்கள் சபையைக் கவனிக்கும் சேகர குருவுக்கு எழுத்தில் கொடுங்கள். கணக்கு சரியாக இருந்துவிட்டால், நீங்கள் கேட்ட அதே சபையில், அதே சத்தத்தில், சரியாக இருக்கிறது என்று எழுந்து சொல்லவும் வேண்டும்.